நீரை நீக்கு

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும்
தமிழில் எச்சம் என்று பெயர்.
யார் வைத்ததோ.
எங்கள் ஜன்னல் கம்பியில் காக்கா
வைத்துவிட்டுப் போவதும் எச்சம்தான்.
இலக்கணத்தில் அது முடியாத சொல்:
வந்த என்று நின்றால், யார் என்று கேட்க வைக்கும்.
வந்து என்று நின்றால், அப்புறம்?

இது இருநூற்றுப் பன்னிரண்டு எச்சங்கள் உள்ள நொதி.
கொடுங்கையூர் மேட்டு மண்ணில் பிடித்த
ஒரு நுண்ணுயிருடையது.
பகலில் கிண்டியில் ஆய்வகம்.
ராத்திரியில் வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி,
ஃபிரிட்ஜின் தலையில் லேப்டாப்.
கீழே வைத்தால் டில்லிபாபுவின் மகள் மிதித்துவிடுவாள்.

கணக்குப்பிள்ளை வேலைதான்.
ஒவ்வோர் எச்சத்திலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் தூரம் அள.
நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் ஒன்று.
வராவிட்டால் சைபர்.
தொடுகிறது, தொடவில்லை.
நம் ஊரில் லேசான சொல் இல்லை அது.
மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது.

சதுர வரைபடத்தின் நடுவே
மூலைக்கு மூலை ஓடும் கரும்புள்ளிகளை
நான் பார்ப்பதே இல்லை.
ஏழும் எட்டும் தொடும், எட்டும் ஒன்பதும் தொடும்,
பேசின் பிரிட்ஜில் நிற்கும் கூட்ஸ் பெட்டிகள் மாதிரி.
கோத்துவிட்டால் தொடாமல் என்ன செய்யும்?
கோட்டை விட்டு விலகித் தனியாகக் கிடக்கும் புள்ளிதான் விஷயம்.
வரிசையில் நூறு தள்ளிப் பிறந்தது
மடிந்து மடிந்து வந்து
இதன் தோளில் சாய்ந்திருக்கும் இடம்.

முப்பத்தெட்டுக்கும் நூற்று எழுபத்தொன்றுக்கும் சைபர்.
தூரம் ஐந்து புள்ளி ஒன்று.
ஆனால் முப்பத்தெட்டை மாற்றிப் பார்த்தபோது
(ஷமீலா மாற்றினாள், சுத்தமான கை)
ஐம்பது டிகிரியில் நொதி பால் மாதிரித் திரிந்தது.
அதைப் பழையபடி வைத்து
நூற்று எழுபத்தொன்றை மாற்றினோம்.
அதே ஐம்பது. அதே திரிதல்.
தொடாத இரண்டு
எப்படி ஒரே மாதிரி விழும்?
மூன்று வாரம் இதுவே கேள்வி.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு
நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன்.
எவனோ எழுதி எவளோ திருத்தி என் கைக்கு வந்தது.
முதல் வரி: நீரை நீக்கு.
படிகத்தோடு ஒட்டிவந்த நீரையெல்லாம் தூக்கிப் போடு,
அப்புறம் அள.
இரண்டு வருஷமாக அப்படித்தான் அளந்திருக்கிறேன்.
வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு.

எதிர்வீட்டுத் தேவகிருபையும் நானும் பேசி
நாலு மாதம்.
யார் குடம் முந்தியது என்று ஆரம்பித்து
எனக்குக் கல்யாணம் ஆகாததை அவள் சொல்ல
அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனதை நான் சொல்ல,
இப்போது படியில் எதிர்ப்பட்டால்
இருவரும் சுவரைப் படிக்கிறோம்.
ஆனாலும் மெட்ரோ வாட்டர் லாரி
ஜீவா ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது
என் கதவில் ஒரு தட்டு விழும்.
ஒன்றே ஒன்று. திறப்பதற்குள் ஆள் இருக்காது.
அவளுக்கு நைட் டூட்டி என்றால்
வரிசையில் அவள் நீலக் குடத்தையும்
நான் நகர்த்துவேன்.
காலால்.

அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு
அதை ஊமையாக்கினேன். மறுபடி ஓட்டினேன்.
முப்பத்தெட்டிலிருந்து ஒரு நீருக்கு இரண்டு புள்ளி எட்டு.
அதே நீரிலிருந்து நூற்று எழுபத்தொன்றுக்கு
இரண்டு புள்ளி ஒன்பது.
துளி என்றுகூடச் சொல்ல முடியாது அதை.
ஒற்றை மூலக்கூறு,
இரண்டு பக்கமும் கை கொடுத்தபடி.

கட்டத்தில் இப்போது என்ன போடுவது?
ஒன்று என்றால் பொய்.
சைபர் என்றால் அதைவிடப் பெரிய பொய்.
சும்மா விட்டுவைத்தேன்,
தொடா என்று
ஈறு கெட்டு நிற்கும் சொல்லைப் போல.

ஐந்தே கால்.
கதவில் ஒரு தட்டு.
குடம் எங்கே வைத்தேன்.